மிகப் பெரியவர் யார்? லண்டன் சிலைகளின் நடுவே ஒரு விவாதம்

மனிதர்கள் இரண்டு பேர் கூடினால் ஊர் வம்பு பேசுவார்கள், நாலு பேர் கூடினால், "இவர் பெரியவரா, அவர் பெரியவரா?" என்று விவாதிக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் நாட்டில் இது வெகு நாளைய வழக்கம். கம்பன் பெரியவனா, வள்ளுவன் பெரியவனா என்று திண்ணையில் ஆரம்பித்த வழக்கு, வெற்றிலைத் தட்டுக் காலியான பின்பும் தீர்ந்ததில்லை. கர்ணனா, அர்ச்சுனனா என்ற கேள்விக்கோ, பட்டிமன்றங்களில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. இத்தகைய விவாதங்களை வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒருவன் எவரைப் பெரியவர் என்கிறான் என்று தெரிந்தால், பெருமை என்று அவன் எதை நினைக்கிறான் என்பதும் தெரிந்துவிடும்.

பிரிட்டிஷ் ஜனங்கள் இந்த விவாதத்தை ஒரு சமயம் பொதுத் தேர்தலைப் போலவே நடத்திப் பார்த்தார்கள். 2002-ம் வருஷத்தில் பி.பி.சி. ஸ்தாபனத்தார், "சரித்திரத்திலேயே மிகப் பெரிய பிரிட்டிஷ்காரர் யார்?" என்று தேச மக்களைக் கேட்டார்கள். முதலில் நூறு பெயர்கள் கொண்ட ஜாபிதா தயாராயிற்று. பிறகு முதல் பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு வக்கீலை ஏற்படுத்தி, டெலிவிஷனில் வாதாடச் செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன.

முடிவு என்னவென்றால், வின்ஸ்டன் சர்ச்சில் முதல் ஸ்தானம் பெற்றார். ரயில் பாதைகளும் பாலங்களும் கப்பல்களும் கட்டிய எஞ்சினீயர் புரூனெல் இரண்டாவது. டயானா இளவரசி மூன்றாவது, டார்வின் நாலாவது, ஷேக்ஸ்பியர் ஐந்தாவது, நியூட்டன் ஆறாவது, முதலாம் எலிஸபெத் ராணி ஏழாவது, பாடகர் ஜான் லென்னன் எட்டாவது, கடற்படைத் தலைவர் நெல்ஸன் ஒன்பதாவது, கிராம்வெல் பத்தாவது. டார்வினுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் மேலே டயானா இருப்பதைக் கண்டு சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். அந்த அம்மையார் காலமாகி அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஜனங்களின் கண்ணீர் இன்னும் காயவில்லை. கண்ணீரும் ஒரு வாக்குத்தானே!

இந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் நால்வர் லண்டன் மாநகரில் ஒரு முழு நாள் நடந்தோம். நால்வரும் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். ஒருவர் ஆங்கிலம் போதிக்கிறவர், ஒருவர் பௌதிகம், மூன்றாமவர் சரித்திர ஆசிரியை. நாம் நாலாமவர்.

"நம்மை அடக்கி ஆண்டவர்களில் யார் பெரியவர் என்று தேடுவது நமக்கு என்ன வேலை, ஸார்?" என்று பௌதிக நண்பர் ஆரம்பத்திலேயே ஒரு தடையைக் கிளப்பினார்.

"அடிமையாயிருந்த காலத்தில் அவர்களில் எல்லோருமே பெரியவர்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். விடுதலை பெற்ற பிறகு, அவர்களில் ஒருவருமே பெரியவரில்லை என்று மேடையில் பேசினோம். இரண்டும் தீர்ப்பு அல்லவே! சுதந்திர மனிதன் நிதானமாக எடை போடலாமே!" என்றார் சரித்திர ஆசிரியை.

அந்த வார்த்தை எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எடை போடக் கிளம்பினோம்.

பார்லிமெண்டுச் சதுக்கம்

லண்டனில் சிலைகளுக்குக் குறைவில்லை. பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரேயுள்ள புல்வெளிச் சதுக்கத்தில் மட்டும் பன்னிரண்டு சிலைகள் இருக்கின்றன. அவற்றில் முதலில் கண்ணில் படுவது சர்ச்சிலின் வெண்கலச் சிலை. 1973-ம் வருஷத்தில் வைத்தது. கனத்த மேலங்கி, கையில் தடி, சற்றே முன்னால் சாய்ந்த தலை. பார்லிமெண்டை நோக்கி, "நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லாமல் சொல்லும் தோற்றம்.

சரித்திர ஆசிரியை சர்ச்சிலின் வழக்கை எடுத்துரைத்தார். அவருக்குச் சர்ச்சிலிடம் அபிமானம் ஒன்றும் கிடையாது. ஆனால் எதிரியின் வழக்கையும் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

"1940-ம் வருஷம் மே மாதம் 10-ம் தேதி இவர் பிரதம மந்திரியானார். அடுத்த மாதமே பிரான்ஸ் சரணடைந்தது. ஐரோப்பாவின் பெரும் பகுதி ஹிட்லரின் காலடியில் கிடந்தது. சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று இவருடைய மந்திரி சபையிலேயே எண்ணியவர்கள் உண்டு. இவர் முடியாது என்றார். அன்றைக்கு இவர் சம்மதித்திருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும்? நாஜிகள் வென்ற உலகத்தில் நமக்கு மட்டும் சுதந்திரம் கிடைத்திருக்குமா?"

இதற்கு யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வாதத்தில் இருந்த சத்தியம் அப்படிப்பட்டது. ஆனால் அங்கிருந்து சிறிது தூரத்தில், அதே சதுக்கத்தில், இன்னொரு சிலை நின்றது. நாங்கள் அதன் பக்கம் நடந்தோம்.

அது மகாத்மா காந்தியின் சிலை. 2015-ம் வருஷம் மார்ச்சு மாதம் திறக்கப்பட்டது. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்திருந்த காந்திஜி, பிரதம மந்திரியின் வாசஸ்தலத்துக்கு வெளியே சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்ற புகைப்படத்தைப் பார்த்துச் செய்தார்களாம். மற்றச் சிலைகள் பல உயர்ந்த பீடங்களின் மேல் இருக்க, இந்தச் சிலையின் பீடம் தாழ்ந்திருக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் போய் நிற்கலாம். குழந்தைகள் காலைத் தொடலாம்.

அதே 1931-ம் வருஷத்தில்தான், அரை நிர்வாணப் பக்கிரி ஒருவர் ராஜப் பிரதிநிதியின் மாளிகைப் படியேறிச் சரிசமமாகப் பேசுவதா என்று சர்ச்சில் சீறினார். எண்பத்து நான்கு வருஷத்துக்குப் பின்னர், சீறியவரும் சீறப்பட்டவரும் ஒரே புல்வெளியில் அண்டை வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள்! தென்னாப்பிரிக்காவில் காந்திஜியைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் அங்கே சிலை உண்டு. சிறையில் தம் கையால் தைத்த செருப்பு ஜோடியைக் காந்திஜி அவருக்குப் பரிசளித்தார் அல்லவா? சரித்திர தேவதைக்கும் நகைச்சுவை உண்டு என்பதற்கு அந்தச் சதுக்கம் சாட்சி.

காந்தி சிலையின் அருகில் நின்றபோதுதான் நாம் வாயைத் திறந்தோம். ஹிட்லரை எதிர்த்த யுத்தத்தில் 25 லட்சம் இந்தியச் சிப்பாய்கள் சேவை செய்தார்கள். சுதந்திரத்துக்காக நடக்கிறது என்று உலகுக்குச் சொல்லப்பட்ட யுத்தம் அது. ஆனால் 1941-ல் வெளியான அட்லாண்டிக் சாஸனத்தின் சுதந்திரத் தத்துவம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று சர்ச்சில் பார்லிமெண்டில் விளக்கம் கூறினார். 1943-ல் வங்காளத்தில் க்ஷாமம் வந்தது. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றது, புயல் அடித்தது, விலைவாசி ஏறியது, சர்க்கார் படகுகளைப் பறித்தார்கள். காரணங்கள் பல என்பது மெய்தான். ஆனால் தானியக் கப்பல் அனுப்பும்படி இந்தியாவிலிருந்து மன்றாடிக் கேட்டபோது, லண்டன் யுத்த மந்திரி சபை கேட்டதில் சிறு பங்கைத்தான் அனுப்பியது. சுமார் 30 லட்சம் ஜனங்கள் மாண்டார்கள்.

"அப்படியானால் இவர் பெரியவரா, இல்லையா?" என்றார் ஆங்கில ஆசிரியர்.

"ஒரு கதவைக் காத்து நின்ற பெரிய காவற்காரர். ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே எவ்வளவு பேர் இருக்கலாம் என்பதில் அவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது" என்றார் சரித்திர ஆசிரியை.

இன்னொரு விஷயமும் நினைவுகூரத் தக்கது. 1945-ம் வருஷம் ஜூலை மாதம், ஐரோப்பாவில் வெற்றி கிடைத்துச் சில வாரங்களுக்குள், பிரிட்டிஷ் வாக்காளர்களே சர்ச்சில் கட்சியைத் தோற்கடித்து அட்லியைப் பிரதம மந்திரியாக்கினார்கள். யுத்தத்துக்கு ஒருவர், சமாதானத்துக்கு ஒருவர் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நமக்கு விடுதலை அளிக்கும் சட்டம் 1947-ல் அட்லியின் காலத்தில்தான் நிறைவேறிற்று. 2002-ம் வருஷத்து வாக்காளர்களைவிட 1945-ம் வருஷத்து வாக்காளர்கள் சர்ச்சிலைக் கிட்டத்தில் பார்த்தவர்கள்!

சதுக்கத்தை விட்டுக் கிளம்புமுன், சாலைக்கு அப்பால் பார்லிமெண்டு மதிலுக்குள் நிற்கும் கிராம்வெலையும் பார்த்தோம். அரசன் முதலாம் சார்லஸின் தலையை 1649-ல் வெட்டுவித்த தலைவர் இவர். 1658-ல் ராஜ மரியாதையுடன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் புதைக்கப்பட்டார். முடியரசு திரும்பியதும், 1661-ல் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையைக் கம்பத்தில் செருகி வைத்தார்கள். 1899-ல் அதே இடத்துக்குப் பக்கத்தில் சிலை நாட்டினார்கள்! அயர்லாந்துக்காரர்கள் அப்போதும் ஆட்சேபித்தார்கள். 1649-ல் டிராகெடா நகரில் அவருடைய சேனை செய்த படுகொலையை அவர்கள் மறக்கவில்லை. எதிரேயுள்ள மாதா கோயில் சுவரிலிருந்து சார்லஸ் மன்னரின் மார்பளவுச் சிலை ஒன்று அவரையே உற்று நோக்குகிறது. ஒரு தேசத்தின் பெரியவர், பக்கத்துத் தேசத்தின் பயங்கரம் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் தேட வேண்டியதேயில்லை. அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ஆலயத்துக்குள்ளே

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கிறார்கள். அரசர்கள், அமைச்சர்கள், கவிகள், விஞ்ஞானிகள் என்று தரையில் கால் வைக்குமிடமெல்லாம் பெயர்கள். உள்ளே நுழைந்ததும் பௌதிக நண்பரின் நடை மாறிவிட்டது. நேரே நியூட்டனின் சமாதிக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நியூட்டன் 1727-ல் காலமானார். அவருடைய பிரேதத்தைத் தூக்கிச் சென்றவர்களில் பிரபுக்கள் இருந்தார்கள். அச்சமயம் லண்டனில் வாசம் செய்த பிரெஞ்சு ஆசிரியர் வால்டேர், ஒரு கணித ஆசிரியருக்கு இந்தத் தேசம் அரசனுக்குரிய மரியாதை செய்கிறதே என்று அதிசயித்து எழுதினார். அருகிலேயே 1882-ல் மறைந்த டார்வினின் கல்லறை. இருவருக்கும் இடையில், 2018-ல் மறைந்த ஸ்டீபன் ஹாக்கிங்கின் அஸ்தி.

"இவரைப் பாருங்கள்!" என்றார் பௌதிக நண்பர். "இவருடைய விதி எந்த ஜாதிக்கும் எந்தத் தேசத்துக்கும் பாரபட்சம் பார்க்காது. இங்கிலாந்தில் விழும் ஆப்பிளும், நம்மூரில் விழும் தேங்காயும், ஆகாயத்தில் சுற்றும் சந்திரனும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. இதைவிடப் பெரிய சமத்துவம் உண்டா?"

"ஆனால் அனந்தத் தொடர்களைப் பற்றிய கணிதத்தைக் கேரள தேசத்துச் சங்கமகிராம மாதவனும் அவருடைய சிஷ்ய பரம்பரையும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்களே" என்று நினைவூட்டினோம்.

"அதனால் நியூட்டன் சிறியவராகிவிடவில்லை, மாதவன் பெரியவர் என்று ஏற்படுகிறது, அவ்வளவுதான்" என்றார் நண்பர். சரியான பதில்.

கவிகளின் மூலைக்கு வந்ததும் ஆங்கில ஆசிரியரின் முறை. ஷேக்ஸ்பியர் 1616-ல் தம் சொந்த ஊரான ஸ்ட்ராட்போர்டில் அடக்கமானார். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கழித்தே ஆலயத்தில் அவருக்கு ஞாபகச் சிலை வைத்தார்கள். 1840-ல் தாமஸ் கார்லைல் மகா புருஷர்களைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில் விநோதமான கேள்வி ஒன்றைப் போட்டார்: இந்திய சாம்ராஜ்யம், ஷேக்ஸ்பியர் இந்த இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டுமானால் எதை விடுவீர்கள்? இந்திய சாம்ராஜ்யம் என்றைக்காவது ஒரு நாள் போகத்தான் போகிறது, ஷேக்ஸ்பியரோ போகமாட்டார் என்பது அவர் கொடுத்த பதிலின் கருத்து.

"107 வருஷத்தில் கார்லைல் வாக்குப் பலித்தது!" என்றார் ஆங்கில ஆசிரியர் உற்சாகமாக. "சாம்ராஜ்யம் போயிற்று, ஷேக்ஸ்பியர் இருக்கிறார். நம்முடைய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்தியனாக்கித் தமிழ் மேடையில் நடமாட விடவில்லையா? வெனிஸ் வர்த்தகன் வாணிபுர வணிகன் ஆகவில்லையா? எந்தப் படையும் கொண்டு வராமல் நம் வீட்டுக்குள் வந்த விருந்தாளி அவர் ஒருவரே!"

"படைக்குப் பின்னால் வந்த விருந்தாளி!" என்று திருத்தினார் சரித்திர ஆசிரியை. "1835-ல் மெக்காலே நம் நூல்களையெல்லாம் ஓர் ஐரோப்பிய அலமாரிக்கு ஈடாகாது என்று தள்ளிவிட்டல்லவா இவரைக் கொண்டுவந்து உட்கார்த்தினார்? குற்றம் இவருடையதல்ல. ஆனால் இவர் வந்த வழி அது."

விவாதம் சூடேறிற்று. ஆலயத்தில் உரக்கப் பேசக்கூடாது என்பதை ஒரு காவலர் மரியாதையாக நினைவூட்டவே, வெளியே வந்துவிட்டோம்.

ஆற்காட்டிலிருந்து வந்தவர்

அங்கிருந்து வடக்கே, சர்க்கார் காரியாலயங்கள் நிறைந்த ஒயிட்ஹால் வீதி செல்கிறது. வெளிநாட்டு இலாகாக் கட்டிடத்தின் பின்புறம், பூங்காவை நோக்கியுள்ள படிகளின் உச்சியில், கிளைவின் சிலை நிற்கிறது. ஜாபிதாவின் முதல் பத்துப் பேரில் இவர் இல்லை. ஆனாலும் தமிழ் நாட்டார் இவரைப் பார்க்காமல் போவது எப்படி?

சிலையின் அடியில் வெண்கலச் சித்திரங்கள் செதுக்கியிருக்கின்றன. ஒன்று 1751-ம் வருஷத்து ஆற்காட்டு முற்றுகை. ஒன்று 1757-ல் பிளாசிப் போருக்கு முந்திய மாந்தோப்பு. இன்னொன்று 1765-ல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையைப் பெறும் காட்சி. 1744-ல் சென்னைக்குக் குமாஸ்தாவாக வந்து இறங்கிய வாலிபன், கோட்டைக்குள்ளிருக்கும் செயின்ட் மேரி ஆலயத்தில் 1753-ல் கல்யாணம் செய்துகொண்டவன், இங்கே வெண்கலமாக நிற்கிறான். வங்காள வரி கம்பெனியின் கைக்கு வந்த ஐந்தாம் வருஷம், 1770-ல், அங்கே பெரும் பஞ்சம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் அழிந்தார்கள் என்று கம்பெனியின் கவர்னரான வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டார். அந்தக் காட்சிக்கு மட்டும் சித்திரம் இல்லை.

நாலாவது பக்கம் நாங்கள் ஒன்றும் பேசாமல் படியிறங்கினோம். அங்கே எடை போட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

டிரபால்கர் சதுக்கம்

ஒயிட்ஹால் வீதியின் கோடியில் டிரபால்கர் சதுக்கம். நடுவில் சுமார் 170 அடி உயரமான கம்பத்தின் மேல் நெல்ஸன். 1805-ல் டிரபால்கர் கடற்போரில் நெப்போலியனின் கப்பற்படையை முறியடித்து, அதே போரில் உயிர் நீத்தவர். அடியில் நான்கு வெண்கலச் சிங்கங்கள். குழந்தைகள் சிங்கத்தின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடுகின்றன. மேலே இருப்பவரை யாரும் பார்ப்பதில்லை, கழுத்து வலிக்கும்.

சதுக்கத்தின் மூலைகளில் இரண்டு சேனாதிபதிகள் நிற்கிறார்கள். ஒருவர் சார்லஸ் நேப்பியர். 1843-ல் சிந்து தேசத்தைக் கைப்பற்றியவர். "நான் பாவம் செய்தேன்" என்று பொருள்படும் ஒரே லத்தீன் வார்த்தையில் அவர் வெற்றிச் செய்தி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் "பாவம் செய்தேன்" என்பதும் "சிந்து என் வசம்" என்பதும் ஒரே ஓசையுடையவை. உண்மையில் அது "பஞ்ச்" என்ற ஹாஸ்யப் பத்திரிகை 1844-ல் வெளியிட்ட சிலேடை. ஆயினும் சில சமயம் விகடத்திலும் சத்தியம் வந்து விழுந்துவிடுகிறது! இன்னொருவர் ஹாவ்லக், 1857-ல் கான்பூரிலும் லக்ஷ்மணபுரியிலும் நம் சிப்பாய்களை எதிர்த்துப் போரிட்டவர். 2000-ம் வருஷத்தில் லண்டன் மேயராயிருந்த லிவிங்ஸ்டன், "இந்த இரண்டு சேனாதிபதிகளும் யாரென்றே எனக்குத் தெரியாது, சிலைகளை வேறிடத்துக்கு மாற்றலாம்" என்ற கருத்தில் பேசினார். மாற்றவில்லை. ஆனால் நகரத் தலைவருக்கே தெரியாத புகழ் எப்படிப்பட்ட புகழ்!

"இந்தச் சதுக்கத்திலிருந்து ஒரு சிலையை மாற்றியது உண்டு, தெரியுமோ?" என்றார் சரித்திர ஆசிரியை.

1858-ம் வருஷத்தில் இங்கே எட்வர்ட் ஜென்னர் என்ற நாட்டுப்புற வைத்தியரின் சிலையை வைத்தார்கள். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டின் ஆதரவில் அது நடந்தது. உடனே ஆட்சேபங்கள் கிளம்பின. போர் வீரர்களின் நடுவே ஒரு வைத்தியன் உட்காருவதா? பார்லிமெண்டிலும் பத்திரிகையிலும் முணுமுணுத்தார்கள். 1861-ல் ஆல்பர்ட் இறந்தார். 1862-ல் வைத்தியரைக் கென்சிங்டன் தோட்டத்துக்கு நாடு கடத்திவிட்டார்கள்.

"அந்த மனுஷரைப் பார்க்காமல் இன்று ஊர் திரும்பக் கூடாது" என்றார் பௌதிக நண்பர். சுரங்க ரயில் ஏறினோம்.

நாடு கடத்தப்பட்ட வைத்தியர்

லங்காஸ்டர் கேட் ரயில் நிலையத்துக்கு எதிரே, தோட்டத்தின் வடகோடியில், இத்தாலிய பாணியில் கட்டிய நீரூற்றுத் தடாகங்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஜென்னர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கம்பம் இல்லை, சிங்கம் இல்லை, கையில் வாளும் இல்லை. நோயாளி தம் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, குறுக்கே பேசாமல் கேட்கும் டாக்டரைப் போல இருக்கிறார். எங்களைத் தவிர அந்தச் சிலையை ஏறிட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. ஜாபிதாவைப் புரட்டினோம். நூறு பேரில் இவருக்கு எழுபத்தெட்டாவது ஸ்தானம்! ஒரு மேடைப் பாடகர் இவருக்கு முந்திய ஸ்தானத்தில் இருந்தார்.

பெரியம்மை என்ற வைசூரியைப் பற்றி இன்றைய குழந்தைகளுக்கு எப்படி விளக்குவது? நம் ஊர்களில் அதன் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்க மாட்டார்கள், விருந்தாளி வரமாட்டார். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகில் 30 கோடிப் பேர் அந்த நோயால் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்த நூற்றாண்டின் இரண்டு மகா யுத்தங்களிலும் இறந்தவர்களைச் சேர்த்தாலும் அவ்வளவு ஆகாது.

ஜென்னர் 1749-ல் பெர்க்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது கிராமத்தாரின் பேச்சு. படித்த டாக்டர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இவர் கேட்டு யோசித்தார். 1796-ம் வருஷம் மே மாதம் 14-ம் தேதி, ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஒரு தோட்டக்காரரின் எட்டு வயதுப் பையனுக்குக் குத்தினார். ஜூலையில் அதே பையனுக்குப் பெரியம்மையின் நீரையே குத்திப் பார்த்தார். நோய் வரவில்லை. ராயல் சொஸைட்டியார் அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. 1798-ல் தாமே புத்தகமாக வெளியிட்டார். கண்டுபிடித்த முறையை ஒளித்து வைத்துப் பணம் பண்ணவில்லை. எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் மருந்தும் விவரமும் அனுப்பினார். தம் தோட்டத்துக் குடிசை ஒன்றில் ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தினார்.

அந்த மருந்து நம் நாட்டுக்கு வந்த கதை இன்னும் ஆச்சரியமானது. அக்காலத்தில் குளிர் பெட்டி ஏது? ஒருவர் கையில் குத்தி, கொப்புளம் வந்ததும் அதிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் குத்த வேண்டும். இப்படிக் கைக்குக் கை மாறி, பாக்தாது, பாஸ்ரா வழியாக, 1802-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமியின் புஜத்தை அடைந்தது. சென்னையில் ஜனங்கள் தயங்கினார்கள். வள்ளுவரிடம் பக்தி கொண்டிருந்த எல்லிஸ் துரை, தேவியும் தன்வந்திரியும் உரையாடுவது போலத் தமிழில் ஒரு கதை புனைந்து, பசு அளித்த மருந்தின் மகிமையை விளக்கப் பார்த்தார்! 1899-ல் கிண்டியில் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட், பிற்பாடு மாகாணம் முழுவதற்கும் அம்மைப்பால் தயாரித்து அனுப்பியது.

"எல்லாம் சரி, ஸார்!" என்று சரித்திர ஆசிரியை குறுக்கிட்டார். "பிரபுவின் பிள்ளைக்கு ஏன் குத்திப் பார்க்கவில்லை? ஏழைத் தோட்டக்காரன் பிள்ளைதானா கிடைத்தான்? இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியாவது இதை அனுமதிக்குமா? தவிர, அம்மைப் பொருக்கைக் கொண்டே அம்மையைத் தடுக்கும் வித்தை வங்காளத்து டீகாதார்களுக்கு முன்பே தெரியும். துருக்கியில் அதைக் கண்ட பிரிட்டிஷ் தூதர் ஒருவரின் மனைவி, 1721-ல் இங்கிலாந்தில் பரப்பினாள். ஜென்னருக்கே சிறு வயதில் அந்த முறையில்தான் குத்தினார்கள்."

கேள்வி கூர்மையானது. அந்தப் பையனுக்குப் பின்னாளில் ஜென்னர் வாடகையில்லாமல் ஒரு வீடு கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் அது பதிலாகாது. பெருமையிலும் கடன் உண்டு. இந்தப் பெருமையில் பால்காரப் பெண்ணுக்கும், எட்டு வயதுப் பையனுக்கும், பெயர் தெரியாத டீகாதார்களுக்கும், கைக்குக் கை மாற்றிக் கொண்டுவந்த குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. பழைய முறையில் குத்திக்கொண்டவர்களுக்கு மெய்யான பெரியம்மையே கண்டது, சிலர் இறந்தார்கள், மற்றவர்களுக்கும் நோய் தொற்றியது. அந்த அபாயத்தை நீக்கியது ஜென்னரின் பங்கு.

மீதிப் பங்கு, பின்னால் வந்தவர்களுடையது. 1967-ல் உலக சுகாதார ஸ்தாபனம் தீவிரமாக முனைந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் மற்ற விஷயங்களில் முறைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, இந்த ஒன்றில் ஒத்துழைத்தன. நம் நாட்டில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடினார்கள். 1975-ல் இந்தியாவில் கடைசி நோயாளி குணமடைந்தார். 1977-ல் சோமாலியாவில் கடைசியாக இயற்கையாய் நோய் கண்டது. 1980-ம் வருஷம் மே மாதம் 8-ம் தேதி, பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று பிரகடனம் செய்தார்கள்.

நால்வர் தீர்ப்பு

தடாகத்தின் ஓரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து வாக்கெடுத்தோம். ஆங்கில ஆசிரியர் ஷேக்ஸ்பியரை விட்டுக்கொடுக்கவில்லை. அன்னமிட்ட கையை மறக்க முடியுமா என்று கேட்டார். பௌதிக நண்பர் நீண்ட நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புத்தியில் நியூட்டன்தான். ஆனால் கேள்வி புத்தியைப் பற்றியதல்லவே!" என்று ஜென்னருக்கு மாறினார். சரித்திர ஆசிரியை, பால்காரப் பெண்ணையும் அந்தப் பையனையும் சேர்த்து எழுதுவதானால் தாமும் சம்மதம் என்றார். எழுதிக்கொண்டோம்.

நமது வாக்குக்கும் காரணம் சொல்ல வேண்டும். சர்ச்சிலின் வெற்றியில் நமக்கு இடம் இருக்கவில்லை. நெல்ஸனின் வெற்றியில் தோற்ற தேசம் ஒன்று உண்டு. கிராம்வெலைப் பற்றி அயர்லாந்தைக் கேட்க வேண்டும். கிளைவைப் பற்றி நம்மைக் கேட்டால் போதும். ஜென்னரின் வெற்றியில் தோற்றது ஒரு நோய் மட்டுமே. அதற்காகத் துக்கம் கொண்டாட எந்த ஜாதியும் எந்தத் தேசமும் இல்லை.

எங்கள் பெற்றோரின் புஜங்களில் அம்மை குத்திய தழும்பு வட்டமாக இருக்கும். எங்கள் கையில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. அம்மை குத்திய தழும்பு இல்லை. எங்கள் மாணவர்களுக்கு அந்த நோயின் பெயர் பாடப் புத்தகத்தில் ஒரு வரி. ஆடி மாதத்தில் நம் ஊர் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். வேப்பிலைத் தோரணம் ஆடுகிறது. தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கும்பிடுகிறார்கள். பக்தி அப்படியே இருக்கிறது. பாட்டிமார்களின் கண்களில் இருந்த அந்தப் பயம் மட்டும் இந்தத் தாய்மார்களின் கண்களில் இல்லை.